மறந்த பின்னும் தங்குவது

வேலூரிலிருந்து அமிர்திக்குப் போகிறவர்கள் கணியம்பாடி ஒன்றியத்தின் ஊர்களைக் கடந்துதான் ஜவ்வாது மலையின் அடிவாரத்தை அடைகிறார்கள். பெரும்பாலும் அங்குள்ள உயிரியல் பூங்காவையும் அருவியையும் பார்க்கப் போகிறவர்கள். மருத்துவ ஆய்வுலகத்துக்கு இந்த வட்டாரம் வேறு காரணத்தால் பழக்கம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சமூக நலப் பணியாளர்கள் பல பத்தாண்டுகளாக இந்த ஒன்றியத்தில் வீடு வீடாகச் சென்று பிறப்பையும் இறப்பையும் நோயையும் பதிவு செய்துவருகிறார்கள். முதியவர்களின் மறதி நோயைப் பற்றிய உலகளாவிய ஆய்வு ஒன்று இந்தியக் கிராமம் ஒன்றைத் தேடியபோது, அது வந்து சேர்ந்த இடம் வேலூர்.

அந்த ஆய்வை நடத்தியது ‘10/66 டிமென்ஷியா ஆய்வுக் குழு’. 1998இல் தொடங்கியது. டிமென்ஷியா என்னும் மறதி நோய் உள்ளவர்களில் மூன்றில் இரு பங்கினர், அதாவது 66 விழுக்காட்டினர், வளரும் நாடுகளில் வாழ்கிறார்கள். மக்களிடையே நடந்த ஆய்வுகளிலோ 10 விழுக்காடுகூட அந்த நாடுகளைப் பற்றியவையாக இல்லை. அந்த அநியாயத்தையே குழு தன் பெயராக வைத்துக்கொண்டது. லண்டனில் மார்ட்டின் பிரின்ஸ் தலைமை ஏற்க, வேலூரில் மனநல மருத்துவர் கே.எஸ். ஜேக்கப் பொறுப்பேற்றார். ஏழு நாடுகளில் 11 இடங்கள், 65 வயதைக் கடந்த ஏறத்தாழ 15,000 பேர். சீனாவும் இந்தியாவும் போக மீதி ஐந்தும் ஸ்பானிய மொழி பேசும் நாடுகள்: கியூபா, டொமினிகன் குடியரசு, வெனிசுலா, மெக்சிகோ, பெரு. ஹவானாவில் ஒரு பாட்டியிடம் ஸ்பானிய மொழியில் கேட்ட அதே கேள்விகளை வேலூர்க் கிராமத்துப் பாட்டியிடம் தமிழில் கேட்டார்கள். எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. முழங்கையைத் தொட்டுக்காட்டி இது என்ன என்பார்கள். பாலம் என்றால் என்ன என்பார்கள். பிறகு வீட்டில் உள்ள ஒருவரைத் தனியே உட்காரவைத்து, முன்பு எப்படி இருந்தார், இப்போது எப்படி இருக்கிறார் என்று விசாரிப்பார்கள்.

2008இல் ‘லான்செட்’ இதழில் முடிவுகள் வெளிவந்தன. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் அப்போதைய வரையறைப்படி கணக்கிட்டால், கியூபாவில் 6.3 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா இருந்தது. இந்தியக் கிராமத்தில் 0.3 விழுக்காடுதான். இருபது மடங்கு வேறுபாடு! நம் உணவும் உழைப்பும் கூட்டுக் குடும்பமும் மூளையைக் காப்பாற்றிவிட்டன என்று மார்தட்டிக்கொள்ளத் தோன்றும். ஆனால் எழுத்தறிவில்லாதவர்களுக்கும் பொருந்தும்படி குழு தானே வகுத்த முறையில் அதே மனிதர்களைக் கணக்கிட்டபோது, எல்லா இடங்களிலும் எண்ணிக்கை 5.6க்கும் 11.7க்கும் இடையில் வந்து நின்றது. நோய் நம் கிராமங்களிலும் இருந்தது. பழைய வரையறையின் கண்ணுக்குத்தான் படவில்லை.

ஏன் படவில்லை என்பதில்தான் எனக்கு அக்கறை. அந்த வரையறைக்கு நினைவு குறைந்திருந்தால் மட்டும் போதாது. அன்றாட வாழ்வு தடுமாறுகிறது என்று வீட்டார் சொல்ல வேண்டும். நம் வீட்டார் அப்படிச் சொல்லவில்லை. அவர்கள் எதையும் மறைக்கவும் இல்லை. எழுபது வயதுப் பாட்டி வங்கிக்குப் போவதில்லை, கணக்குப் பார்ப்பதில்லை, மருமகள் வந்தபின் அடுப்படியை விட்டும் ஒதுங்கிவிட்டார். தட்டில் சோறு வருகிறது, திண்ணையில் பாய் கிடக்கிறது. அவரிடமிருந்து குடும்பம் எதையும் எதிர்பார்க்காதபோது, எது குறைந்தது என்று எப்படித் தெரியும்? “வயசாயிடுச்சு, அவ்ளோதான்” என்பது அவர்கள் மனமார நம்பிச் சொன்ன பதில்.

2023இல் வெளியான லாசி-டாட் என்ற நாடளாவிய ஆய்வு, 60 வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா இருப்பதாக மதிப்பிட்டது. ஏறத்தாழ 88 லட்சம் பேர். ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் விகிதம் அதிகம்.

இந்த 88 லட்சம் பேரை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? மனைவி, மகள், மருமகள். அவர்களுக்கு யாரும் எதையும் கற்றுத் தருவதில்லை. ஞாபகத்தை மீட்டுத் தரும் மருந்து இன்றுவரை இல்லை. டோனெபெசில் போன்ற மாத்திரைகள் சிலருக்குச் சில காலம் ஓரளவு உதவும். புதிதாக வந்துள்ள எதிர்ப்புரத ஊசிகள், டிமென்ஷியாவின் ஒரு வகையான அல்சைமரின் வேகத்தைத் தொடக்க நிலையில் சற்றே குறைக்கின்றன. அவற்றுக்கு வேண்டிய ஸ்கேனும் கண்காணிப்பும் பணமும் மலையடிவாரத்துக்கு வரப்போவது எப்போது? ஆகவே இந்த நோய்க்கான சிகிச்சையின் பெரும்பங்கு வீட்டுக்குள், ஒரு பெண்ணின் குரலிலும் கையிலும் நடக்கிறது. அந்தக் குரலையும் கையையும் பழக்க முடியுமா?

அமிர்தியைத் தாண்டி மேலே ஏறும் வழியில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். மாமியாருக்கு எழுபத்தைந்து வயது. காலையிலிருந்து பத்தாவது தடவையாக, “சந்தைக்குப் போனவன் வந்துட்டானா?” என்கிறார். அவர் கேட்கும் கணவர் இறந்து வருடங்கள் ஆகின்றன. பிறகு சுருக்குப்பையைக் காணோம் என்று தேடுகிறார். “நீதான் எடுத்த” என்று மருமகளைப் பார்த்துச் சொல்கிறார், பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி. மதியம் குளிக்க அழைத்தால் கத்துகிறார், கையை ஓங்குகிறார். பொழுது சாயும்போது, “நான் எங்க வூட்டுக்குப் போறேன்” என்று வாசலைத் தாண்டுகிறார். வாசலுக்கு அப்பால் காடு.

திருச்சூரில் டாக்டர் கே.எஸ். ஷாஜியும் உடன் பணியாற்றியவர்களும் இப்படிப்பட்ட குடும்பங்களுடன் விரிவாகப் பேசிப் பதிவு செய்தார்கள். பராமரிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். முதியவர் வேண்டுமென்றே அடம்பிடிக்கிறார், வம்புக்கு இழுக்கிறார் என்று அவர்களில் பலர் நினைத்தார்கள். கோவாவில் விக்ரம் படேலும் மார்ட்டின் பிரின்ஸும் 2001இல் எழுதிய ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. பெரியவர் இப்படி ஆனதற்குக் காரணம் பிள்ளைகளின் புறக்கணிப்பும் அன்பின்மையும்தான் என்று ஊரார் நம்பினார்கள். உள்ளே மருமகள் மாமியாரைக் குற்றம் சாட்டுகிறாள். வெளியே ஊர் மருமகளைக் குற்றம் சாட்டுகிறது. நோயை மட்டும் யாரும் குறை சொல்லவில்லை, ஏனென்றால் அது நோய் என்றே யாருக்கும் தெரியாது.

அந்த வீட்டில் நடப்பதை மூளையிலிருந்து பார்ப்போம். அல்சைமரின் சேதம் பெரும்பாலும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியிலும் அதை ஒட்டிய இடங்களிலும் தொடங்குகிறது. புதிய அனுபவத்தை நினைவாகப் பதிக்கும் இடம் அது. பத்து நிமிடத்துக்கு முன் தான் கேட்டதும் மருமகள் சொன்ன பதிலும் அங்கே பதியவே இல்லை. மாமியாரைப் பொறுத்தவரை ஒவ்வொரு முறையும் அது முதல் கேள்வி. இளமையில் பதிந்தவை மூளையின் புறணியில் பரவலாகத் தங்கியிருப்பதால் நீண்ட காலம் தாக்குப்பிடிக்கின்றன. அதனால்தான் கணவர் இன்னும் சந்தையில் இருக்கிறார், ‘எங்க வூடு’ என்பது பிறந்த வீடாக இருக்கிறது. சுருக்குப்பையை அவரே அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்திருப்பார். வைத்த நினைவு இல்லை, பை மட்டும் இல்லை. மனித மனம் அந்த இடைவெளியைச் சும்மா விடாது, ஒரு காரணத்தைக் கட்டி நிரப்பும். எப்போதும் பக்கத்தில் இருப்பவள்தான் எடுத்திருக்க முடியும். அதிகம் பார்த்துக்கொள்கிறவரே அதிகம் பழி சுமப்பதற்குக் காரணம் இதுதான்.

குளியலில் இன்னும் பல சிக்கல்கள் சேர்கின்றன. சேலையை அவிழ்ப்பது, உட்காருவது, சோப்பு போடுவது, தண்ணீர் ஊற்றுவது என ஒன்றன்பின் ஒன்றாக வரும் செயல்களை வரிசைப்படுத்தும் திறன் குலைந்துவிட்டது. ஆழத்தையும் தூரத்தையும் கணிக்கும் பகுதியும் பழுதாகியிருந்தால் ஈரத் தரை குழிபோலத் தெரியலாம். திடீரென்று யாரோ ஒருத்தி தன் துணியை இழுக்கிறாள், தலையில் தண்ணீரைக் கொட்டுகிறாள். அந்த நிலையில் நாமும் கையை ஓங்கியிருப்போம். பொழுது சாயும் நேரத்துத் தவிப்புக்கோ மூளையின் உள் கடிகாரமும் ஒரு காரணம். ஹைபோதலாமஸில் உள்ள அந்தச் சிறு நரம்புத் திரள் அல்சைமரில் சிதைகிறது; பகல் இரவு வேறுபாடு மங்குகிறது. நாள் முழுவதும் சேர்ந்த களைப்பும், மங்கிய விளக்கும், சுவரில் நீளும் நிழலும் மிச்சத்தைச் செய்கின்றன.

இவ்வளவும் தெரிந்தால் பராமரிப்பவரின் கோபம் தணியும். ஆனால் என் கருத்தில் இவை எல்லாவற்றையும்விட முக்கியமான அறிவியல் செய்தி ஒன்று உண்டு. 2014இல் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்மாரி குஸ்மான்-வெலெஸும் உடன் ஆய்வாளர்களும் அல்சைமர் உள்ள 17 பேருக்கும், அதே எண்ணிக்கையில் நலமாக உள்ளவர்களுக்கும் படக்காட்சிகளைக் காட்டினார்கள். ஏறத்தாழ 20 நிமிடம் சோகக் காட்சிகள், இன்னொரு அமர்வில் மகிழ்ச்சியான காட்சிகள். சில நிமிடம் கழித்துக் கேட்டால், நோயாளிகளுக்குப் படத்தைப் பற்றி ஏதும் சரியாக நினைவில்லை. ஆனால் சோகம் போகவில்லை. படம் மறந்து அரை மணி நேரம் வரையிலும் அவர்கள் துயரமாக இருந்தார்கள். படத்தைக் குறைவாக நினைவில் வைத்திருந்தவர்களிடமே சோகம் கூடுதல் நேரம் நீடித்தது. துயரத்துக்குக் காரணம் தெரிந்தால் அதை ஆற்றிக்கொள்ளலாம். காரணம் மறந்துபோய்த் துயரம் மட்டும் மிஞ்சினால் அது எங்கே போகும்?

காலையில் சிடுசிடுத்ததை மாமியார் மறந்துவிடுவார். சிடுசிடுப்பு உடலில் இருக்கும். மதியம் காரணமில்லாமல் அழுவதாக நமக்குத் தோன்றுவதற்குக் காலையில் ஒரு காரணம் இருந்திருக்கலாம். அதேபோல, கையைப் பிடித்து உட்கார்ந்திருந்த கால் மணி நேரமும் தங்கும். “எப்படியும் மறந்துடப் போறாங்க, என்ன பேசினா என்ன” என்ற நினைப்பு எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. அது தவறு என்பதற்கு இந்த ஆய்வு சான்று.

அப்படியானால் கற்றுத்தர வேண்டியது முதலில் ஒரு விதம்: எந்தப் பக்கத்திலிருந்து நெருங்குவது, கண் மட்டத்துக்குக் குனிந்து பேசுவது, கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருப்பது, குரல் எவ்வளவு தாழ்ந்திருப்பது. “பொறுமையாக நடந்துகொள்ளவும்” என்று துண்டறிக்கையில் அச்சிட்டுக் கொடுக்கலாம். பொறுமை எப்படி இருக்கும் என்பதை அச்சு காட்டாது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் பராமரிப்பாளர்களுக்காக வெளியிட்ட ‘ஐசப்போர்ட்’ என்ற இணையப் பாடத்திட்டம் நல்ல முயற்சிதான்; நம் நாட்டுக்கேற்ப அதைத் தகவமைக்கும் பணியும் நடந்திருக்கிறது. ஆனால் அது வாசிக்கத் தெரிந்தவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. மலைக்காரப் பெண்ணுக்கு வேண்டியது பார்த்துப் பழகும் பாடம்.

இதை முன்பே உணர்ந்து செய்துகாட்டியவர்கள் அமெரிக்காவில் ஸ்பானிய மொழிக் குடும்பங்களுக்காக உழைத்தவர்கள். அங்கும் நிலைமை நமக்குத் தெரிந்ததே. பெரியவர்களை வெளியே அனுப்புவது இழுக்கு, மகள்தான் பார்க்க வேண்டும், இது வயதின் கோளாறு, வீட்டு விஷயம் வெளியே போகக்கூடாது. ஆங்கிலத்தில் எழுதியதை ஸ்பானிய மொழியில் பெயர்த்துக் கொடுத்தால் போதும் என்றுதான் பல இடங்களில் தொடங்கினார்கள். ஸ்டான்ஃபோர்டில் டோலரஸ் கல்லாகர்-தாம்சன் என்ற உளவியலாளரின் குழு வேறு வழியில் போனது. லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களுக்குப் பழக்கமான படக்கதை வடிவத்தை எடுத்து, ஒரு வீட்டில் மறதி நோய் நுழைவதைக் கதையாகச் சொன்னார்கள். 2015இல் வெளிவந்த ஆய்வில், வழக்கமான தகவல் ஏடு பெற்றவர்களைவிடப் படக்கதை பெற்றவர்களின் மனச்சோர்வு அதிகம் குறைந்திருந்தது. அடுத்து தொலைக்காட்சித் தொடர் பாணியில் ‘மிரேலா’ என்ற இணையத் தொடர் ஸ்பானிய மொழியில் எடுக்கப்பட்டது. அதைப் பார்த்த பராமரிப்பாளர்களிடையே மன அழுத்தம் குறைந்ததாக 2018இல் ஒரு முன்னோட்ட ஆய்வு தெரிவித்தது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் வழி சரியானது என்று நான் நம்புகிறேன். நம் வீடுகளில் மாலை முழுக்க மாமியார் மருமகள் தொடர் ஓடுகிறது. அந்த வடிவத்துக்கு உள்ள செல்வாக்கு ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்படட்டுமே.

லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டிமென்ஷியா பராமரிப்புத் திட்டம் எடுத்த குறும்படங்கள் இன்னும் நேரடியானவை. ஒவ்வொன்றும் ஒரே ஒரு சிக்கலைப் பற்றியது: திரும்பத் திரும்பக் கேட்பது, குளிக்க மறுப்பது, அலைவது. முதலில் பராமரிப்பவர் வழக்கமாகச் செய்யும் தவறு நடித்துக் காட்டப்படுகிறது. பிறகு ஒரு நிபுணர் ஏன் அது வேலை செய்யவில்லை என்று விளக்குகிறார். பிறகு அதே காட்சி, வேறு விதமாக. தவறை முதலில் காட்டுவதில் ஒரு கருணை இருக்கிறது. பார்க்கிறவள் தன்னைத்தான் அங்கே பார்க்கிறாள், ஆனால் யாரும் அவளைத் திட்டவில்லை.

பெருவிலும் இதற்கு இணையான ஒரு பாடம் கிடைத்தது. 10/66 குழு வகுத்த ‘பராமரிப்பவருக்கு உதவுவோம்’ என்ற பயிற்சி அங்கே ஐந்து வாரம், வாரத்துக்கு அரை மணி நேரம் நேரில் நடத்தப்பட்டது. 2011இல் வெளிவந்த முடிவின்படி, பயிற்சி பெற்றவர்களின் சுமையுணர்வு ஆறு மாதம் கழித்தும் கணிசமாகக் குறைந்திருந்தது. நம் நாட்டில் கோவாவில் அமித் டயஸ், விக்ரம் படேல் முதலியோர் 81 குடும்பங்களுடன் செய்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. உள்ளூர்க்காரர்களையே பயிற்றுவித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறு மாதத்தில் பராமரிப்பவர்களின் மனநலம் தெளிவாக மேம்பட்டது. முதியவரின் நடத்தையால் அவர்கள் படும் வேதனை குறைந்தது. முதியவரின் நடத்தையே மாறியது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வேறுபாடு இல்லை. மாமியார் பத்துத் தடவை கேட்பது நிற்கப்போவதில்லை, மருமகளுக்கு அது தாங்கக்கூடியதாக ஆகிறது என்பதே இதன் பொருள். காணொளிகளிடமும் இதைத்தான் எதிர்பார்க்க வேண்டும். இதற்கு மேல் வாக்குறுதி கொடுப்பவர்களை நம்ப வேண்டாம். இதையே அற்பம் என்பவர்கள் ஒரு வாரம் அந்த வீட்டில் இருந்து பார்க்கட்டும்.

தமிழில் தொடக்கங்கள் உண்டு. சென்னையில் 1984இல் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் முதியோருக்கும் டிமென்ஷியாவுக்கும் தனிப் பிரிவு நடத்துகிறது. பிரிட்டனில் உருவான அறிவுத் தூண்டல் சிகிச்சை என்னும் குழுப் பயிற்சியை நம் ஊர்ப் பழக்கங்களுக்கேற்ப மாற்றிச் சோதித்ததும் அவர்களே. ஆனால் சென்னைப் பெண்ணுக்காக எடுத்த படம் அமிர்திப் பக்கத்துப் பெண்ணுக்கு எவ்வளவு பொருந்தும்? ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் பேசுவதும் தமிழ்தான். மொழி ஒன்றாக இருப்பதால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து.

குளியலை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் படங்களில் பீங்கான் தொட்டியும் கைப்பிடிக் கம்பியும் கைத்தூவியும் வரும். இங்கே வீட்டுக்குப் பின்னால் ஒரு தட்டி மறைப்பு, ஒரு அண்டா, ஒரு சொம்பு. ஆகவே படம் அங்கேதான் எடுக்கப்பட வேண்டும். வழுக்காமல் இருக்கக் கோணிச்சாக்கை மடித்துப் போடுவது. நிற்கவைக்காமல் முக்காலியில் உட்காரவைப்பது. வெந்நீரை அவர் விரலால் முதலில் தொடச்செய்வது. தலையில் ஊற்றாமல் காலில் தொடங்குவது, சொம்பை அவர் கையிலேயே கொடுப்பது. உடம்பு முழுக்க ஒரு பழைய துணியைப் போர்த்தி, துணியின் மேலேயே ஊற்றுவது. அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பதை ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன வாக்கியத்தில் சொல்வது: “அத்த, இப்ப கால்ல ஊத்தப் போறேன்.” இன்று வேண்டாம் என்றால் விட்டுவிடுவது, ஈரத்துணியால் துடைத்தால் போதும். இரண்டு நிமிடப் படத்தில் இது அத்தனையும் வந்துவிடும்.

சாப்பாட்டில் இதைவிடக் கவனம் தேவை. கேழ்வரகுக் களியை உருட்டி, மெல்லாமல் விழுங்குவது இந்தப் பக்கத்துப் பழக்கம். நோய் முற்றும்போது விழுங்கும் தசைகளின் ஒழுங்கு குலைகிறது; உணவு மூச்சுக்குழலுக்குள் போனால் மூச்சடைக்கலாம், நுரையீரலில் சளிக் காய்ச்சல் வரலாம். டிமென்ஷியா உள்ளவர்களின் இறுதிக் காலத்தில் உயிரைப் பறிப்பது பல சமயம் இந்த நிமோனியாதான். களியைக் கைவிட வேண்டியதில்லை. கரைத்துக் கூழாக்கி, நிமிர்ந்து உட்காரவைத்து, ஒரு வாய் இறங்கியதைப் பார்த்தபின் அடுத்த வாய். படுத்திருக்கும்போது ஊட்டவே கூடாது. தண்ணீர் குடித்ததும் இருமல் வந்தால் அதுதான் எச்சரிக்கை மணி. சென்னையிலோ லாஸ் ஏஞ்சலிஸிலோ எடுக்கும் எந்தப் படத்திலும் களி உருண்டை வரப்போவதில்லை.

மாலைத் தவிப்புக்கு, இருட்டும் முன்பே விளக்கைப் போட்டுவிடுவதும் காலை வெயிலில் சற்று உட்காரவைப்பதும் உதவும். “உங்க வூடு இதுதான்” என்று வாதாடினால் தோற்றுப்போவோம். “போலாம் அத்த, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போலாம்” என்றால் பெரும்பாலும் அந்த அலை கடந்துவிடும். கை வேலைகளின் நினைவு வேறு வழிகளில், அடிமூளைத் திரள்களிலும் சிறுமூளையிலும், இருப்பதால் அது பிந்தியே அழிகிறது. மகனின் பெயர் நினைவில்லாதவருக்கும் முறத்தில் சாமையைப் புடைக்கத் தெரியும், புளியில் கொட்டை எடுக்கத் தெரியும். வேலை சரியாக நடக்கிறதா என்பது முக்கியமில்லை. கையில் வேலை இருக்கும் முதியவர் வாசலைத் தாண்டுவது குறைவு. காட்டோரத்து ஊர்களில் தேநீர்க் கடைக்காரருக்கும் பேருந்து நடத்துநருக்கும் ஆடு மேய்ப்பவர்களுக்கும் விஷயத்தைச் சொல்லிவைப்பதும் பராமரிப்பின் பகுதிதான்.

ஒரு படம் மட்டும் மற்றவற்றைவிட அவசரமாக எடுக்கப்பட வேண்டும். டிமென்ஷியா மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வரும். நேற்றுவரை ஓரளவு நன்றாக இருந்தவர் ஓரிரு நாளில் உளறினால், யாரையும் அடையாளம் தெரியாமல் போனால், பகலெல்லாம் மயங்கிக் கிடந்தால், அது வேறு. சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், நீர்ச்சத்துக் குறைவு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, தலையில் பட்ட அடி என்று ஏதோ ஒன்று உள்ளே நடக்கிறது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், 108ஐ அழைக்கலாம். காத்துக்கருப்பு என்று வேப்பிலை அடித்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் உயிரைத் தின்னும். அதேபோல, மறதி எல்லாமே டிமென்ஷியாவும் ஆகாது. தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவை மறதிபோலத் தோன்றும், சரிசெய்யவும் முடியும். காது கேட்காததும் கண்புரையும் நல்ல மூளையைக்கூட மந்தமாகக் காட்டும். படத்தைப் பார்த்துவிட்டு வீட்டாரே நோயை முடிவு செய்துவிடக் கூடாது. முன்களப் பணியாளர்களைக் கொண்டு நோயைக் கண்டறியும் முயற்சிகூடத் திருச்சூரில் ஓரளவு பலித்தது. வேலூரில் அவ்வளவு துல்லியம் கிடைக்கவில்லை. சந்தேகப்படுவது குடும்பத்தின் வேலை, உறுதிப்படுத்துவது மருத்துவரின் வேலை.

எடுத்த படம் எப்படிப் போய்ச் சேரும்? மலையில் சிக்னல் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கைப்பேசி பெரும்பாலும் ஆணின் சட்டைப்பையில் இருக்கிறது. இணையத்தில் ஏற்றிவிட்டால் கடமை முடிந்தது என்று இருக்க முடியாது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகளோடு வீட்டு வாசலுக்கு வருகிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி தணிப்புப் பராமரிப்பும் அதில் அடக்கம். அவர்களின் கைப்பேசியில் இணையம் இல்லாமலே ஓடும்படி பத்துக் குறும்படங்கள் இருந்தால் போதும்.

அப்போதும் படம் மட்டும் தனியாக வேலை செய்யாது என்பதற்கு வேளாண்மையில் நல்ல சான்று இருக்கிறது. 2006 வாக்கில் பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் ரிக்கின் காந்தி தொடங்கிய ‘டிஜிட்டல் கிரீன்’ முயற்சியில், உள்ளூர் விவசாயிகளையே நடிக்கவைத்து எடுத்த படங்களைக் கிராமத்தில் கூட்டமாகத் திரையிட்டார்கள். படத்தை நடுநடுவே நிறுத்தி, “உங்க நிலத்துல இதைச் செய்ய முடியுமா, எது தடுக்குது?” என்று கேட்க உள்ளூர் ஆள் ஒருவர் இருந்தார். அந்த ஆளும் அந்தக் கேள்வியும்தான் படத்தைப் பாடமாக்கின. பெண்கள் முதலில் கவனிப்பது, நடிப்பவர் யார், எந்த ஊர், அவர் வீட்டில் நம்மைப்போலத்தான் சமைக்கிறார்களா என்பதைத்தான். நம்பிக்கை அங்கிருந்துதான் பிறக்கிறது. ஆகவே அமிர்திப் பக்கத்துப் பெண்களே நடிக்கட்டும், அவர்களே வசனம் பேசட்டும். மருத்துவர் பின்னால் நின்று தவறு வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எங்கே திரையிடுவது என்பதிலும் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பராமரிக்கும் பெண்ணிடம் மட்டும் காட்டினால், அவள் தலையில் இன்னொரு கடமையை ஏற்றுகிறோம். கோவா ஆய்வு சொன்ன அந்த ஊர்ப்பழி நினைவிருக்கட்டும். அவள் மாமியாரைப் பட்டினி போடுகிறாள் என்று சொல்லும் பக்கத்து வீட்டுக்காரி, சாப்பிட்டதையே மறந்து “சோறு போடல” என்று சொல்லும் ஒரு பாட்டியைப் படத்தில் பார்க்க வேண்டும். மகளிர் குழுக் கூட்டத்திலும், ஊரக வேலைத் திட்டப் பணி நடக்கும் இடத்திலும், நியாய விலைக் கடை வாசலிலும் அது ஓட வேண்டும். மகன்களுக்கென்றே தனியாக ஒரு படம் வேண்டும். அதில் அறிவுரை எதுவும் வேண்டாம். இரவு இரண்டு மணிக்கு அம்மா எழுந்து கதவைத் தட்டுகிறார், மகன் எழுந்து போகிறான், விளக்கைப் போடுகிறான், பக்கத்தில் உட்கார்ந்து, “இன்னும் விடியலம்மா” என்கிறான், மனைவி தூங்குகிறாள். அவ்வளவுதான் காட்சி. ஐந்து வாரப் பயிற்சியாலும் ஒரு பெண்ணுக்குத் தர முடியாத தூக்கத்தை அவன் ஒருவனால் வாரத்தில் மூன்று இரவு தர முடியும்.